இளைப்புக்குப் பின்னால் எந்த செல்?

மதுரையில் எந்தத் தெருமுனை மெடிக்கலுக்குப் போய் "வீசிங்கா இருக்குண்ணே, ஒரு செட் குடுங்க" என்று கேட்டாலும், சின்னக் காகிதக் கவரில் வருவது ஏறக்குறைய ஒரே கூட்டணிதான். மூச்சுக்குழலை விரிக்க ஒரு டெரிஃபிலின், ஒரு சால்பூட்டமால், அலர்ஜிக்கு ஒரு லீவோசெட்ரிசின், கூடவே பெயர் சொல்லாமல் போடப்படும் ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டி பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். இரண்டுமே அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. ஒட்டடை அடித்தாலே தும்மி இளைக்கும் வில்லாபுரத்துக் கல்லூரிப் பையன், முப்பது வருஷமாகச் சீமைக்கருவேல விறகில் சமைக்கும் உசிலம்பட்டி அம்மா, மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்த ஆள் என்று மூவருக்கும் அதே கவர். ஸ்டெதஸ்கோப்பில் மூவர் நெஞ்சிலும் ஒரே சத்தம் கேட்கலாம். ஆனால் உள்ளே அதைக் கிளப்பும் நோய் எதிர்ப்புச் செல்கள் வேறு வேறு. பையனுக்கு அந்த ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். அந்த அம்மாவுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும். குவாரிக்காரருக்கு அது வினையாகவே முடியலாம்.

நோயில்லாத நுரையீரலுக்குள் என்னென்ன செல்கள் இருக்கின்றன என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூச்சுக்குழலுக்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பின் நுனியை, பெரும்பாலும் வலது நுரையீரலின் நடுமடலில், ஒரு கிளைக்குழலை அடைத்தாற்போல நிறுத்துவார்கள். 100 முதல் 300 மி.லி. உப்புநீரைப் பங்கு பங்காக உள்ளே விட்டு, மெல்ல உறிஞ்சி எடுப்பார்கள். விட்டதில் 30 சதவீதமாவது திரும்பி வந்தால்தான் மாதிரியை முழுதாக நம்பலாம். அவசரப்பட்டு வேகமாக உறிஞ்சினால் குழலின் சுவர் ஒட்டிக்கொள்ளும், நீர் வராது, ரத்தம் கலந்துவிடும். வந்த நீரைச் சுழற்றி, சாயமேற்றி எண்ணினால், புகைக்காதவரிடம் 85 சதவீதத்துக்கு மேல் மேக்ரோஃபேஜ்கள், அதாவது குப்பையை விழுங்கும் பெரிய செல்கள், தெரியும். மற்ற வெள்ளணுக்களில் லிம்ஃபோசைட் 10 முதல் 15 சதவீதம், கிருமியைத் தாக்கும் நியூட்ரோபில் 3-க்குள், ஒவ்வாமையிலும் புழுத்தொல்லையிலும் பெருகும் இயோசினோபில் 1-க்குள். பீடி, சிகரெட் பிடிப்பவரின் மேக்ரோஃபேஜைப் பார்த்தால் அடையாளம் தானாகத் தெரியும். செல்லின் உள்ளே பழுப்பும் கறுப்புமாகத் துகள்கள் அடைந்து கிடக்கும்.

இந்த இடத்தில் ராணுவம், போர்வீரர், எல்லைக்காவல் என்று ஒரு உவமையை எடுத்துவிடுவது பள்ளிப் பாடப்புத்தகத்தில் தொடங்கிய பழக்கம். நுரையீரலைப் பொறுத்தவரை அது ஆளைத் தவறான திசைக்கு அனுப்பிவிடும். காற்றறைக்குள் குடியிருக்கும் மேக்ரோஃபேஜின் முக்கால்வாசி வேலை, சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வதுதான். பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே அது நுரையீரலுக்குள் வந்து தங்கிவிடுகிறது, அங்கேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ரத்தத்திலிருந்து புது ஆள் வரவேண்டிய தேவை சாதாரண நாட்களில் அதிகமில்லை. மூச்சோடு வந்த தூசியை விழுங்கும், காற்றறை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தில் பழசானதைச் செரிக்கும், செத்த செல்களைச் சத்தமில்லாமல் அள்ளும். பக்கத்தில் இருக்கும் காற்றறைச் சுவரின் செல்களோ அதை அடக்கியே வைத்திருக்கும். சுமார் 70 சதுர மீட்டர் பரப்பில், தாளை விட மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜன் போய்வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தூசிக்கும் அழற்சி கிளம்பினால் மனிதன் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

புகை இந்த அடக்கத்தை உடைக்கிறது. சி.ஓ.பி.டி., அதாவது பெரும்பாலும் புகையால் மூச்சுவழி நிரந்தரமாக அடைபடும் நோய், வந்தவரின் மூச்சுக்குழலிலும் திசுவிலும் மேக்ரோஃபேஜ் எண்ணிக்கை ஐந்து முதல் பத்து மடங்கு வரை ஏறியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணுவிலிருந்து வந்தவை, அடங்கி நடக்கப் பழகாதவை. இவை ஐ.எல்.8 போன்ற வேதிச் செய்திகளை விட்டு நியூட்ரோபில்களை வரவழைக்கின்றன. இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. இந்த மேக்ரோஃபேஜ்களுக்குச் செத்த செல்லையும் பாக்டீரியாவையும் விழுங்கும் திறன் குறைந்துவிடுகிறது. எண்ணிக்கை கூடுகிறது, வேலை நடப்பதில்லை. அள்ளப்படாத நியூட்ரோபில் அங்கேயே வெடித்துத் தன் சரக்கைக் கொட்டுகிறது. அடிக்கடி சளி பிடித்து, ஒவ்வொரு தடவையும் நுரையீரல் ஒரு படி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சரக்கில் முக்கியமானது எலாஸ்டேஸ் என்ற நொதி. காற்றறைகளை இழுத்துப் பிடித்திருக்கும் எலாஸ்டின் இழைகளை அது வெட்டும். கல்லீரல் செய்து அனுப்பும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம்தான் அதற்குக் கடிவாளம். 1963-ல் ஸ்வீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் இருவரும் இந்தப் புரதம் இல்லாதவர்களுக்கு இளவயதிலேயே நுரையீரல் உடைவதைக் கவனித்தார்கள். எலாஸ்டேஸ் மீது எல்லோர் கண்ணும் விழுந்தது அதிலிருந்துதான். அந்தப் பரம்பரைக் குறை நம் பக்கம் அரிது. ஆனால் புகையில் இருக்கும் ஆக்சிஜனேற்றிகள் அதே புரதத்தை நுரையீரலுக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும். கூடவே மேக்ரோஃபேஜின் சொந்த நொதியான எம்.எம்.பி.-12. அது இல்லாத எலிகளுக்கு மாதக்கணக்கில் சிகரெட் புகை காட்டியும் எம்ஃபைசீமா, அதாவது காற்றறை உடையும் நோய், வரவில்லை என்று 1997-ல் காட்டினார்கள். எலாஸ்டின் பெரும்பாலும் வளரும் வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது. நைந்தபின் உடம்பு அதைச் சரியாகத் திரும்பக் கட்டுவதில்லை. இலாஸ்டிக் போன டவுசர் மாதிரிதான், துவைத்தாலும் காயப்போட்டாலும் திரும்ப இறுகாது. மருந்து சாப்பிட்டும் எம்ஃபைசீமா பழைய நிலைக்குப் போகாததன் காரணம் இதுவே.

விறகுப் புகையில் வரும் நோயின் முகம் கொஞ்சம் வேறு. காற்றறை உடைவது குறைவு, மூச்சுக்குழல் தடிப்பதும் தழும்பாவதும் அதிகம். பிராங்கோஸ்கோப்பில் பார்த்தால் குழலின் உட்சுவரில் கரித்திட்டுகள் தெரிவதுண்டு. இந்தப் பெண்கள் பீடியைத் தொட்டதே இல்லை என்பதால் யாரும் சி.ஓ.பி.டி. என்று யோசிப்பதில்லை, ஆஸ்துமா என்று எழுதிவிடுகிறார்கள். கேஸ் இணைப்பு வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் மாட்டுத்தீவனம் காய்ச்சவும் விறகு எரிகிறது. "வீட்டில் கேஸா, விறகா?" என்று கேட்டால் "கேஸ்" என்றுதான் பதில் வரும். "குளிக்க வெந்நீர் எதில் வைக்கிறீங்க?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இப்போது அந்தக் குட்டி மாத்திரைக்கு வருவோம். ஸ்டீராய்டு ஒரு செல்லுக்குள் போய் அழற்சி மரபணுக்களை அணைக்க வேண்டுமானால், ஹெச்.டி.ஏ.சி.2 என்ற நொதி அங்கே நல்ல நிலையில் இருக்க வேண்டும். புகையின் ஆக்சிஜனேற்றத்தால் சி.ஓ.பி.டி. நுரையீரலில் அது குறைந்துபோகிறது. மருந்து போய்ச் சேர்ந்தும் சுவிட்ச் அணைவதில்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டு இயோசினோபில்லைச் சாகடிக்கும், நியூட்ரோபில்லின் ஆயுளை நீட்டிவிடும். நியூட்ரோபில் ஆடும் நோய்க்கு ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும், நுரையீரல் மட்டும் அப்படியே இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதற்குள் அட்ரீனல் சுரப்பி தூங்கிவிட்டிருக்கும், மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலின், குறைந்த அளவில் கொடுத்தால் ஹெச்.டி.ஏ.சி.2-ஐத் தட்டி எழுப்பும் என்று ஆய்வகத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திடீரென்று முற்றிப்போகும் தடவைகள் குறையவில்லை. ஆனாலும் நம்மூர்க் கவரில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பயன்தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து அது. கூட சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, வாந்தி, படபடப்பு, சில சமயம் வலிப்பு வரை போகும். பீடியை நிறுத்தினாலும் அளவு ஏறும், ஏனென்றால் புகை இருந்தவரை கல்லீரல் அதை வேகமாகக் கழித்துக்கொண்டிருந்தது.

பையனின் கதை வேறு. அவனுக்குத் தூசிப்பூச்சியின் எச்சத்துக்கு எதிராக ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமைப் புரதம் உருவாகியிருக்கிறது. அது மாஸ்ட் செல் என்ற ஒவ்வாமைச் செல்லின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். பூச்சியின் புரதம் பட்டவுடன் ஹிஸ்டமின் கொட்டி, நிமிடங்களில் குழல் சுருங்கும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும், அது இயோசினோபில்களுடையது. டி.ஹெச்.2, ஐ.எல்.சி.2 என்ற இரண்டு வகை எதிர்ப்புச் செல்கள் விடும் வேதிச் செய்திகளில் ஐ.எல்.5 அவற்றை எலும்பு மஜ்ஜையிலிருந்து வரவழைக்கும், ஐ.எல்.13 சளியைக் கட்டியாக்கும். இந்தக் கூட்டம் ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கும். ஆனால் அதற்கு மாத்திரை வேண்டியதில்லை, உறிஞ்சும் மருந்தே போதும். "பம்ப் அடிச்சா பழகிடும், மாத்திரைதான் சேஃப்" என்று நம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு அடி 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது அடி. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும்.

நம்மூரில் "எனக்கு ஈஸ்னோபீலியா" என்று சொல்லாத தெருவே கிடையாது. ரத்த ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, எண்ணிக்கையை. மொத்த வெள்ளணு 8,000, இயோசினோபில் 6 சதவீதம் என்றால் கணக்கு 480. மொத்தம் 4,000, இயோசினோபில் 12 சதவீதம் என்றாலும் அதே 480-தான். இரண்டாமவர் ரிப்போர்ட்டில் 12-க்கு அடியில் கோடு போட்டிருக்கும், முதலாமவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். சி.ஓ.பி.டி.யில் அடிக்கடி திடீரென்று நோய் முற்றுகிறவருக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டைச் சேர்க்கலாமா என்று முடிவெடுக்க இந்த எண் உதவும். 300-ம் அதற்கு மேலும் என்றால் சேர்ப்பதில் தெளிவான பலன், 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா அபாயம் மட்டும் கூடும். பல லேப்களில் 500 வரை இயல்பு என்றே அச்சடித்திருப்பதால் 350 வந்தால் ரிப்போர்ட்டில் எச்சரிக்கையே இருக்காது. கேட்டு வாங்கிக் கணக்குப் போட வேண்டியது நாம்தான்.

இந்தப் பரிசோதனை பொய் சொல்லும் இடங்களும் உண்டு. நேற்று ஒரு செட் மாத்திரை போட்டுவிட்டு இன்று ரத்தம் கொடுத்தால் இயோசினோபில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், ஒரே ஒரு ஸ்டீராய்டு வேளை சில மணி நேரத்தில் அதை இறக்கிவிடும். அதே ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 85 சதவீதமும் மொத்தம் 14,000-மும் காட்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த நியூட்ரோபில்களை ஸ்டீராய்டு உதறி விடுவதால் வரும் எண் அது. கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் எழுதப்படும், கவரில் என்ன மாத்திரை இருந்தது என்று கேட்கப்படாது. அந்தக் கவரைத் தூக்கிப்போடாமல் டாக்டரிடம் காட்டுவது, புதிதாக ஒரு ஸ்கேன் எடுப்பதைவிட உபயோகமானது.

மறுபக்கம், வயல்வேலையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் குடற்புழுவே எண்ணிக்கையை ஏற்றிவிடும். மேற்சொன்ன 300, 100 எல்லாம் பெரும்பாலும் புழுத்தொல்லை குறைந்த நாடுகளின் ஆய்வுகளிலிருந்து வந்தவை. சோழவந்தான் வாய்க்கால் ஓரத்தில் ஒருவருக்கு 600 வந்தால், அது நுரையீரலின் குரல்தானா என்று ஒருமுறை சந்தேகப்படுவது நியாயம். கொக்கிப்புழு, உருண்டைப்புழு என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை பெரும்பாலும் போதும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவுக்கு அது போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். அந்தப் புழு உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டை நீட்டிக் கொடுத்தால் அது கட்டுமீறிப் பெருகி உடம்பெங்கும் பரவும், உயிருக்கே ஆபத்து.

எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டி, இரவில் இருமல் வாட்டினால், யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி உண்டாக்கும் வெப்பமண்டல இயோசினோபீலியாவை நினைக்க வேண்டும். 1940-ல் ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானட்டோரியத்தில், டி.பி. போலவே இருந்து டி.பி. அல்லாத நோயாளிகளைப் பற்றி ஃப்ரிமோட்-மோல்லர், பார்ட்டன் இருவரும் எழுதியதுதான் இதன் ஆரம்பக் குறிப்புகளில் ஒன்று. இதற்கு மருந்து டி.இ.சி. மாத்திரை, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில் மூன்று வாரம் வரை. ஆஸ்துமா என்று நினைத்து வருஷக்கணக்கில் பம்ப் அடித்தவர்களில் சிலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்த மலிவு மாத்திரைதான்.

குவாரி விஷயத்தில் மேக்ரோஃபேஜே பலியாள். கீழவளவு, கீழையூர் வட்டாரத்துக் கிரானைட்டில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, தாராளமாக உண்டு. உலர்வாகத் துளைபோடும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நோய் தருவது 5 மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்கே தெரியாத துகள். மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும், செரிக்க முடியாது. செல்லுக்குள் அமிலப் பை கிழிந்து என்.எல்.ஆர்.பி.3 என்ற அபாய மணி அடிக்கும், ஐ.எல்.1 பீட்டா வெளியேறும். 2008-ல் ஒரே ஆண்டில் பல ஆய்வகங்கள் இந்த வழியைக் கண்டுபிடித்தன. பிறகு செல் சாகும், துகள் அப்படியே வெளியே வரும், அடுத்த மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும். துகள் கரைவதே இல்லை என்பதால் இந்தச் சுற்று நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தழும்பைத் தூண்டும் டி.ஜி.எஃப். பீட்டா வெளியாகி, சுற்றிலும் தழும்புக் கட்டி வளரும். 2012-க்குப் பின் அந்தப் பக்கம் பல குவாரிகள் மூடப்பட்டன. ஆனால் நாள்பட்ட சிலிக்கோசிஸ், அதாவது இந்தத் தழும்பு நோய், தூசியில் நின்று பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே தெரியும். அப்போது வேலை பார்த்தவர்கள் இன்று ஆட்டோ ஓட்டலாம், டீக்கடை வைத்திருக்கலாம். மூச்சு வாங்குகிறது என்று வந்தால் இப்போதைய தொழிலைக் கேட்டுப் பயனில்லை, முந்தைய தொழிலைக் கேட்க வேண்டும்.

தடுப்பு எளிமையானது, ஆனால் தண்ணீர் வேண்டும். துளைக்கருவியின் நடுவழியே நீர் பாய்ச்சி, தூசி கிளம்பும் இடத்திலேயே நனைக்க வேண்டும். வெட்டி முடித்தபின் தெளிப்பது கண்துடைப்பு. முகத்தில் கட்டும் துண்டு, 5 மைக்ரான் துகளுக்குத் திறந்த வாசல். என்-95 முகக்கவசம் தாடியின் மேல் உட்காராது, ஓரத்தில் காற்று கசிந்தால் போட்டும் போடாததுதான். பஞ்சு மில்லில் வரும் பிசினோசிஸ் இதைவிட எளிய கதை. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் மேக்ரோஃபேஜைக் கிளப்பிவிடும், வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில்தான் நெஞ்சு அதிகமாக இறுகும். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் சரியாகும்.

எந்தச் செல் என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள சளியின் நிறம் உதவும். நியூட்ரோபில்லுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது, அதன் சொந்த நிறமே பச்சை. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு வழக்கமாக வெள்ளையாக வரும் சளி பச்சையாகி, அளவும் இளைப்பும் கூடினால், பாக்டீரியாவைத் தேடி நியூட்ரோபில் திரண்டிருக்கிறது என்று பொருள், ஆன்டிபயாடிக்குக் காரணம் உண்டு. வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. ஆஸ்துமாவில் இந்தக் கணக்கு தவறும், இயோசினோபில் நிறைந்த சளியும் மஞ்சளாகத்தான் வரும். சி.ஓ.பி.டி. திடீரென்று முற்றும்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 40 மில்லிகிராம் ஐந்து நாள் போதும். இரண்டு வாரம் இழுப்பதால் கூடுதல் லாபமில்லை.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இல்லாமல் சி.ஓ.பி.டி. என்று முடிவுகட்டக் கூடாது. சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியான காற்றை மொத்தக் காற்றால் வகுத்து 0.7-க்குக் கீழே வந்தால், அது மருந்துக்கும் விலகாத நிலையான அடைப்பு. ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் மொத்தம் குறைந்து, விகிதம் நன்றாக இருப்பது போலக் காட்டும். உள்ள நோய் மறைந்துபோவது பெரும்பாலும் இந்தத் தவறால்தான்.

உறிஞ்சும் ஸ்டீராய்டு போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வாயில் தங்கும் மருந்து அங்குள்ள காவல் செல்களையும் அடக்கி, நாக்கில் வெள்ளைப் பூஞ்சையைக் கொண்டுவரும். பம்போடு பொருத்தும் பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப் என்றால் மெதுவாக, நாலைந்து விநாடி இழுத்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலர் என்றால் வேகமாக, பலமாக. இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள்தான் "மருந்து கேக்கல" என்று திரும்ப மெடிக்கலுக்குப் போகிறார்கள்.

கடைசியாக டி.பி. அந்தக் கிருமி குடியிருப்பதே மேக்ரோஃபேஜுக்குள். அதைச் சுற்றி வளைத்து வைத்திருக்கும் செல்வேலியை ஸ்டீராய்டு தளர்த்தும். சிலிக்கா தின்று நொந்த மேக்ரோஃபேஜ் அந்த வேலியைக் கட்டவே தடுமாறும். அதனால்தான் சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. அபாயம் பல மடங்கு, ஏற்கெனவே டி.பி. வந்தவருக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டைக்கூட யோசித்துத்தான் எழுதுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், எந்தச் செட் மாத்திரைக்கும் முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்துவிட வேண்டும், பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, ஆழமாக இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி டப்பாவில் 2 முதல் 5 மி.லி. எடுக்க வேண்டும். நுரைத்த எச்சில் மட்டும் இருந்தால் அதைக் கொடுக்காமல், மறுநாள் காலை புது டப்பாவில் மறுபடி எடுப்பதே சரி.